சேலத்துக்கு ஒரு வாராந்திர டாப் 20: பட்டியல் எப்படிப் போடப்படுகிறது?

கேள்வி இதுதான்: சேலம் மாவட்டத்தில் ஒரு வாரத்தில் எந்தத் தனிப்பாடல்கள் அதிகம் கேட்கப்பட்டன என்று வாராவாரம் ஒரு டாப் 20 பட்டியல் போட முடியுமா? மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

முடியும். கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். சிக்கல் முழுவதும் எதை எண்ணுவது, எதை விடுவது என்ற விதிகளில் இருக்கிறது. அந்த விதிகளை முதல் பட்டியல் வருவதற்கு முன்பே எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட வேண்டும். பட்டியலைப் பார்த்துவிட்டு விதியை மாற்றினால் அதற்குப் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

முதலில் எல்லை. 'சேலம் பட்டியல்' என்றால் சேலத்துக்காரர்கள் பாடிய பாட்டா, சேலத்தில் கேட்கப்பட்ட பாட்டா? இரண்டும் வேறு வேறு. உலகில் உள்ள வட்டாரப் பட்டியல்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. பெல்ஜியத்தில் 1995 முதல் அல்ட்ராடாப் என்ற அமைப்பு டச்சு மொழி பேசும் ஃபிளாண்டர்ஸுக்கு ஒன்று, பிரெஞ்சு பேசும் வலோனியாவுக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல் வெளியிடுகிறது. ஒரே நாடு, ஒரே வாரம், முதலிடம் வேறு வேறாக வருவது அங்கே சாதாரணம். வட்டாரப் பட்டியலின் பயனே அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்தான் இருக்கிறது. சென்னையின் பட்டியலையே இங்கே திருப்பி அச்சிடுவதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. எனவே மாவட்ட எல்லைக்குள் கேட்கப்படும் எந்தப் பாட்டும் தகுதி உடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கலைஞரின் பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு குறி மட்டும் போடுங்கள். கூடுதல் மதிப்பெண் கொடுக்காதீர்கள். சலுகையில் மேலே வந்த பாட்டு என்ற பேச்சு அந்தக் கலைஞருக்கே கெடுதல்.

அடுத்து, தனிப்பாடல், அதாவது சிங்கிள் என்பது என்ன? நம் பக்கம் படம் வருவதற்கு முன் விடும் ஒரு பாட்டைத்தான் சிங்கிள் என்கிறோம். பட்டியலுக்கு அந்தப் பொருள் போதாது. இசைத்தட்டாகக் கடையில் விற்றால்தான் சிங்கிள் என்ற விதி அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் ஹாட் 100 பட்டியலில் 1998 டிசம்பரிலும், பிரிட்டனில் 2007 ஜனவரியிலும் போய்விட்டது. தனியாகக் கேட்கக் கிடைக்கும் எந்த ஒரு பாட்டும் தகுதி உடையது என்பதே இன்றைய நடைமுறை. படப் பாட்டு, தனியிசைப் பாட்டு, கானா, யூடியூபில் மட்டும் வந்த பாட்டு எல்லாம் இதில் அடங்கும்.

வாரம் வெள்ளிக்கிழமை தொடங்கி வியாழன் நள்ளிரவில் முடியட்டும். 2015 ஜூலை 10 முதல் உலகின் பெரும்பாலான நாடுகளில் புதுப் பாட்டு வெளியிடும் நாள் வெள்ளி என்று ஆனதால் பெரிய பட்டியல்கள் எல்லாம் இந்த வாரத்துக்கு மாறின. தமிழ்ப் பாட்டு எந்தக் கிழமையிலும் வரும் என்பது உண்மை. வியாழன் மாலை வந்த பாட்டுக்கு அந்த வாரத்தில் கிடைப்பது சில மணி நேரம்தான். முதல் வாரம் அடியில் நுழைந்து மறுவாரம் தாவும். அது பிழையல்ல. அதற்காக வாரத்தை வளைக்க ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

இனி எங்கிருந்து எண்ணிக்கை எடுப்பது. எல்லாரும் முதலில் கேட்பது ஸ்ட்ரீமிங்கைத்தான். பெரிய பட்டியல்கள் அதைத்தான் நம்புகின்றன: பொதுவாக 30 வினாடி ஓடினால் ஒரு கேட்பு. பில்போர்டு 2018-இல் கட்டணச் சந்தாதாரரின் கேட்புக்கு 1 புள்ளி, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பதற்கு மூன்றில் இரண்டு, தானாக ஓடும் வரிசைக்கு அரை என்று பிரித்தது. பிரிட்டன் அதே ஆண்டில் 100 கட்டணக் கேட்பு அல்லது 600 இலவசக் கேட்பு ஒரு விற்பனைக்குச் சமம் என்றது. ஆனால் இந்தக் கணக்குகள் நாடு முழுமைக்கும் நிறுவனங்கள் நேரடியாகத் தரும் தரவை வைத்து நடப்பவை. மாவட்ட அளவில் அப்படி யாரும் உங்களுக்குத் தர மாட்டார்கள். கலைஞர் தம் பாட்டு எந்த ஊரில் கேட்கப்பட்டது என்று தம் கணக்கில் பார்க்கலாம். அந்த எண்ணிக்கையை நமக்குத் தருபவர் பாட்டை மட்டும் சேர்த்தால் தராதவர் பாட்டு விடுபட்டுப்போகும். அந்த ஊர்த் தகவலும் இணைய முகவரியை வைத்து ஊகித்தது. ஆத்தூரில் மொபைல் டேட்டாவில் கேட்பவர் சென்னைக்காரராகக் கணக்கில் விழுவது எளிது. ஆகவே மாவட்டப் பட்டியலில் ஸ்ட்ரீமிங்கைச் சேர்க்க வேண்டாம். சேர்க்கவில்லை என்பதைப் பட்டியலின் தலையிலேயே எழுதுங்கள். மீதி மூன்று ஊற்றுகள் உண்டு: வானொலி, கேட்கும் இடங்கள், நேயர் விருப்பம்.

வானொலியை எண்ணுவது எளிது. ஒரு சின்னக் கணினி, ஒரு எஃப்.எம். ரிசீவர், ஒலிக்கைரேகை பார்க்கும், அதாவது ஒலியை வைத்தே இது எந்தப் பதிவு என்று கண்டுபிடிக்கும் ஒரு திறந்தமூல மென்பொருள் போதும். முன்பே சேர்த்துவைத்த பாட்டுகளோடு ஒப்பிட்டு எந்த நிலையத்தில் எந்த நேரத்தில் எது ஓடியது என்று அதுவே குறிக்கும். 60 வினாடிக்குக் குறைவாக ஓடினால் எண்ணாதீர்கள். தொகுப்பாளர் பேச்சுக்குப் பின்னால் ஓடும் துண்டும் நிலைய விளம்பரத்தில் வரும் துண்டும் இப்படிக் கழிந்துவிடும். அசல் பதிவின் பின்னணி இசையையே வைத்திருக்கும் கரோக்கி வடிவங்கள் சில சமயம் அசல் பாட்டாகப் பதிவாகலாம். வாரம் ஒருமுறை சந்தேகத்துக்கு உரியவற்றைக் காதால் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 9 வரையும் ஒரு ஒலிபரப்புக்கு 1, மற்ற நேரத்துக்கு 0.6, நள்ளிரவு முதல் 5 மணி வரை 0.1 என்று எடை வைக்கலாம். எத்தனை பேர் கேட்டார்கள் என்ற அளவீடு இருந்தால் இந்த ஊக எடை தேவைப்படாது, ஆனால் இந்தியாவில் ஆர்.ஏ.எம். என்ற வானொலி அளவீடு டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா போன்ற பெருநகரங்களோடு நின்றது. சேலத்துக்கு அது இல்லை.

ரிசீவரை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகும், மலை மறைத்துவிடும். நகரத்தில் தெளிவாகக் கேட்கும் நிலையம் சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் நிழலில் இருக்கும் ஊர்களில் இரையும். ஏற்காட்டின் மேலே 1,500 மீட்டர் உயரத்தில் நேர்மாறாக வெளியூர் நிலையங்களும் வந்து கலக்கும். ஒரு ரிசீவர் நகரத்திலும் இன்னொன்று ஆத்தூர் அல்லது மேட்டூர்ப் பக்கமும் இருந்தால் மாவட்டத்துக்குள் உண்மையில் என்ன கேட்கிறது என்று தெரியும். ஏற்காட்டு ரிசீவரை மட்டும் நம்பினால் மாவட்டத்தில் வேறு யாருக்கும் கிடைக்காத நிலையங்களையும் சேர்த்து எண்ணிவிடுவீர்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பல ஊர்களில் நிலையம் வைத்திருக்கும் தனியார் எஃப்.எம்.களின் பாடல் வரிசை பெரும்பாலும் தலைமையகத்தில் தீர்மானமாகிறது. சேலத்தில் ஓடியதை எண்ணினாலும் பாதிக்கு மேல் நீங்கள் எண்ணுவது சென்னையில் ஒருவர் எடுத்த முடிவைத்தான். அதனால் மொத்தத்தில் வானொலிக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் எடை கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாவட்டத்தின் காது இருப்பது கேட்கும் இடங்களில். தனியார் டவுன் பஸ், டீக்கடை, சலூன், மொபைல் கடை, கொலுசுப் பட்டறை. இப்படி 40 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரும் செய்யும் தவறு, 40 இடத்தையும் புதிய பேருந்து நிலையம், ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி என்று கைக்கு எட்டும் தூரத்திலேயே பிடிப்பது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 34.8 லட்சம், மாநகராட்சிக்குள் 8.3 லட்சம். கால் பங்குகூட இல்லை. ஆகவே நகரத்துக்கு 10, ஆத்தூர், வாழப்பாடி, தலைவாசல் பக்கம் 9, மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி பக்கம் 11, ஓமலூர், காடையாம்பட்டி பக்கம் 7, ஏற்காட்டுக்கு 3. மக்கள்தொகைப்படி மலைக்கு ஒரே இடம்தான் சேர வேண்டும். ஒரே கடையை நம்பினால் அந்தக் கடைக்காரரின் ரசனைதான் மலையின் ரசனையாகப் பதிவாகும். மூன்று இடம் வைத்து ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு எடை கொடுங்கள். அந்த மூன்றும் ஏரிக்கரையில் வேண்டாம். மே மாதக் கோடை விழா நேரத்தில் அங்கே ஒலிப்பது வெளியூர் வண்டிகளின் பாட்டு. நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற ஊர்களின் கடைகளைப் பிடித்தால்தான் மலைவாழ் மக்களும் எஸ்டேட் தொழிலாளர்களும் கேட்பது தெரியும்.

கண்டக்டரிடமும் டீ மாஸ்டரிடமும் நோட்டு கொடுத்து எழுதச் சொன்னால் மூன்றாவது வாரமே நின்றுவிடும், நின்றாலும் நியாயம்தான். பழைய போன் ஒன்றை ஒலிபெருக்கி அருகே வைத்து, நாளுக்கு ஒரு மணி நேரம், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 15 வினாடி மட்டும் கேட்கச் செய்யுங்கள். நான்கு நிமிடப் பாட்டு குறைந்தது ஒருமுறை சிக்கும். கைரேகை எடுத்தவுடன் ஒலியை அந்தப் போனிலேயே அழித்துவிட வேண்டும். கடையில் உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சு எங்கும் சேமிக்கப்படக் கூடாது. கடைக்காரரிடம் இதை முன்பே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பஸ்ஸில் எஞ்சின் இரைச்சலால் சில துண்டுகள் அடையாளம் தெரியாமல் போகும். ஒரு மணி நேரத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் அப்படிப் போனால் அந்த மணியைத் தள்ளிவிடுங்கள். விசைத்தறிக் கூடங்களில் இது வேலைக்கே ஆகாது; தறிச் சத்தத்தில் எந்த மென்பொருளும் பாட்டைப் பிரிக்காது. அம்மாபேட்டை, எடப்பாடித் தறிக்காரர்களிடம் வாரக் கடைசியில் ஐந்து பாட்டு சொல்லச் சொல்லி அதை நேயர் விருப்பக் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.

ஒரு இடத்தில் ஒரு பாட்டு ஒரு நாளில் எத்தனை முறை ஓடினாலும் ஒன்றாகவே எண்ணுங்கள். ஒரே பென்டிரைவை மாதக்கணக்கில் ஓட்டும் பஸ் ஒன்று பட்டியலையே தன் பக்கம் இழுத்துவிடும். இந்த விதி இருந்தால் ஓர் இடம் ஒரு பாட்டுக்கு வாரத்தில் தரக்கூடியது அதிகபட்சம் 7.

ஆள் சொல்லக் கேட்டு எழுதுவதைவிடக் கருவி எண்ணுவது ஏன் மேல் என்பதற்கு ஒரு சான்று உண்டு. பிரிட்டனின் முதல் பட்டியல் 1952 நவம்பர் 14 அன்று வந்தது. ஒரு இசை வார இதழ்க்காரர்கள் சுமார் 20 கடைகளுக்குப் போன் செய்து கேட்டுப் போட்டார்கள். 1969-இல் 300 கடைகளின் கையெழுத்துக் குறிப்பேடுகள், 1983-இல் மின்னணுப் பதிவு. அமெரிக்காவில் 1991 வரை கடைக்காரர் சொன்னதே கணக்கு. அந்த ஆண்டு, விற்கும்போதே பார்கோடை வைத்து எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறை வந்ததும் கன்ட்ரி என்ற நாட்டுப்புறப் பாணி இசையும் ராப் இசையும் சட்டென்று மேலே ஏறின. மக்கள் ஒரே வாரத்தில் மாறவில்லை. விற்றுக்கொண்டே இருந்ததைக் கடைக்காரர்கள் சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

நேயர் விருப்பத்துக்கு நம்மிடம் நீண்ட மரபு இருக்கிறது. இலங்கை வானொலியில் 1952-இல் அமீன் சயானி தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி பின்னாளில் இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்துத் தரவரிசை போட்டது. கடிதக் காலத்தில் ஒரு தபால் அட்டைக்குக் காசு செலவானது. வாட்ஸப்பில் செலவே இல்லை. ரசிகர் மன்றம் ஒன்று நினைத்தால் ஒரே இரவில் 500 வாக்கு போடும். ஒரு போன் எண்ணுக்கு வாரம் மூன்று பாட்டு, ஒரு பாட்டுக்கு ஒரு வாக்கு என்று கட்டுப்படுத்துங்கள். அப்படியும் இதன் எடை 10-ஐத் தாண்டக் கூடாது.

ஏன் என்பதைக் கணக்கில் பாருங்கள். மூன்று ஊற்றின் எண்களையும் அப்படியே கூட்டக் கூடாது. ஒவ்வொன்றிலும் பாட்டின் பங்கை விழுக்காடாக்கி, எடையால் பெருக்கி, பிறகு கூட்ட வேண்டும். எடை: வானொலி 40, இடங்கள் 50, விருப்பம் 10. ஒரு வாரத்தில் தகுதியான பாட்டுகளுக்கு வானொலியில் மொத்தம் 2,000, இடங்களில் 1,600, விருப்பத்தில் 500 வந்ததாகக் கற்பனை செய்வோம். முதல் பாட்டுக்கு வானொலி 90, இடங்கள் 48, விருப்பம் 60. பங்குகள் 4.5, 3, 12. எடை போட்டால் 1.8, 1.5, 1.2, மொத்தம் 4.5. இரண்டாம் பாட்டுக்கு 120, 80, 5. பங்குகள் 6, 5, 1. எடை போட்டால் 2.4, 2.5, 0.1, மொத்தம் 5. இரண்டாவதுதான் மேலே. இப்போது எடையை 30, 40, 30 என்று மாற்றுங்கள். முதல் பாட்டு 6.15, இரண்டாவது 4.1. எங்கும் ஒலிக்கும் பாட்டை 55 வாக்கு அதிகம் வாங்கிய பாட்டு கவிழ்த்துவிடுகிறது.

பழைய பாட்டு என்ன ஆகும்? இளையராஜா பாட்டு இல்லாத தனியார் பஸ்ஸைச் சேலம், ஈரோடு பக்கம் பார்ப்பது அரிது. தடுக்காவிட்டால் டாப் 20-இல் பாதி 1980-களின் பாட்டாக நிற்கும், வாராவாரம் அசையாது. எல்லாப் பட்டியலுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஹாட் 100 நெடுங்காலம் 20 வாரம் ஆன பாட்டு 50-ஆம் இடத்துக்குக் கீழே போனால் நீக்கிவிடும் என்ற விதியோடு ஓடியது. பிரிட்டனில் 10 வாரம் கடந்து தொடர்ந்து மூன்று வாரம் சரியும் பாட்டின் ஸ்ட்ரீமிங் மதிப்பைப் பாதியாக்குகிறார்கள். நமக்கு எளியது: வெளியாகி 52 வாரம் ஆகாதது புதுப் பட்டியல், மற்றதெல்லாம் 'என்றும் ஒலிப்பவை' என்று மாதம் ஒருமுறை 10 இடங்களோடு தனிப் பட்டியல். சேலத்து மக்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்பதை அந்த இரண்டாவது பட்டியல்தான் கூடுதலாகச் சொல்லும், அதை விட்டுவிடாதீர்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் கார்த்திகையில் ஐயப்பன் மாலைக்கும் ஒலிபெருக்கியில் போடும் பக்திப் பாட்டை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம். அது கேட்பவர் தேர்வல்ல, பந்தல்காரர் தேர்வு.

20 இடத்தோடு ஏன் நிற்க வேண்டும்? எண்ணிக்கை 48 என்றால் அதில் தற்செயலின் ஆட்டம் அதன் வர்க்கமூலம் அளவு, ஏறத்தாழ 7 கூடும் குறையும். 80-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசம் உண்மை. 48-க்கும் 45-க்கும் உள்ளது வெறும் குலுக்கல். 20-ஆம் இடத்துக்குக் கீழே எல்லாம் இரண்டு மூன்று எண்ணிக்கையில்தான் வேறுபடும். அங்கே தரவரிசை போடுவது பொய்த் துல்லியம். சமமாக வந்தால் கேட்கும் இடங்களின் எண்ணிக்கை அதிகமுள்ளதை மேலே வையுங்கள். அதுவும் சமமானால் இரண்டு பாட்டுக்கும் ஒரே இடம். 1952-இன் அந்தப் பிரிட்டன் பட்டியலிலும் 12 இடங்களில் 15 பாட்டுகள் இருந்தன.

20-க்குக் கீழே தரவரிசை இல்லாமல் அகர வரிசையில் ஐந்து பாட்டைப் போடலாம். பில்போர்டு 1959-இல், தரவரிசையோடுதான் என்றாலும், ஹாட் 100-க்குக் கீழே நிற்கும் பாட்டுகளுக்கு 'அடியில் கொதிக்கும்' பட்டியல் ஒன்றைத் தனியாகத் தொடங்கியது. உள்ளூர்க் கலைஞரின் பாட்டு முதலில் தலைகாட்டும் இடம் இதுதான். ஓமலூரில் மூன்று டீக்கடையிலும் இரண்டு பஸ்ஸிலும் மட்டும் ஒலிக்கும் பாட்டு வேறு எந்தப் பட்டியலிலும் தெரியாது.

பாட்டின் அடையாளத்தில் நிறைய வேலை வீணாகும். முறையாக வெளியிடப்படும் பதிவுகளுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம் கொண்ட குறி உண்டு. லிரிக் வீடியோ, முழு வீடியோ, படத்தில் வரும் வடிவம் மூன்றுக்கும் ஒரே கணக்கு. ரீமிக்ஸும் வேறு பாடகர் பாடியதும் தனி. யூடியூபில் மட்டும் போட்ட உள்ளூர்ப் பாட்டுக்குக் குறி இருக்காது. நீங்களே ஒரு எண் கொடுங்கள். பெயரை வைத்துச் சேர்க்க முயலாதீர்கள். வாட்ஸப்பில் ஒருவர் பல்லவியை எழுதுவார், ஒருவர் படப் பெயரை எழுதுவார், ஒருவர் நடிகர் பெயரோடு நிறுத்திவிடுவார்.

ஏமாற்று வேலை கட்டாயம் வரும், பட்டியல் பேசப்படத் தொடங்கிய மாதத்திலேயே. கேட்கும் இடங்களின் பெயரை வெளியே சொல்லாதீர்கள்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10 இடங்களை மாற்றுங்கள். ஒரு ஊற்றில் மட்டும் உச்சத்தில் நின்று மற்ற இரண்டிலும் பூஜ்யமாக இருக்கும் பாட்டைத் தனியே எடுத்துப் பாருங்கள். குறைந்தது இரண்டு ஊற்றிலும், கேட்கும் இடங்களில் ஐந்துக்கு மேலும் பதிவாகாத பாட்டு 20-க்குள் வராது என்று விதியே எழுதிவிடலாம்.

படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் ஒவ்வொரு வாரமும் தேவைப்படும்: இடம் என்பது மற்ற பாட்டோடு ஒப்பிட்டது. போன வாரத்தைவிட அதிகம் ஒலித்த பாட்டு, புதிதாக மூன்று பெரிய படங்களின் பாட்டு வந்ததால் மூன்று இடம் இறங்கலாம். இந்த வார இடம், போன வார இடம், எட்டிய உச்சம், எத்தனை வாரம் என்ற நான்கு கட்டங்களோடு, பங்கு கூடியதா குறைந்ததா என்று ஒரு அம்புக்குறியும் போட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

வாரவேலை இப்படி ஓடும்: வெள்ளி காலை தரவு இறக்கம், பகலில் அடையாளம் தெரியாத துண்டுகளைக் காதால் கேட்டுத் தீர்த்தல், சனிக்கிழமை கணக்கும் சந்தேகப் பார்வையும், ஞாயிறு காலை வெளியீடு. இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும். பாட்டுப் பெயர்களை அச்சிட யாரிடமும் அனுமதி தேவையில்லை; அவற்றை ஒலிக்கவிட்டு நிகழ்ச்சியாக்கினால் உரிமம் வாங்க வேண்டும். வெளியான பிறகு பிழை தெரிந்தால் அந்த வாரப் பட்டியலையே திருத்தி, திருத்தியதாகக் குறிப்பு போடுங்கள். மறுவாரக் கணக்கில் ஈடுகட்டினால் இரண்டு வாரமும் தவறாகிவிடும்.

முதல் எட்டு வாரங்களின் பட்டியலை வெளியிட வேண்டாம். அந்த எட்டு வாரத்தில் எந்தப் போன் நின்றுபோகிறது, எந்த பஸ் வழித்தடம் மாறுகிறது, எடையை ஐந்து புள்ளி மாற்றினால் எத்தனை பாட்டு இடம் மாறுகிறது என்று பாருங்கள். முதல் பத்து இடங்களில் மூன்றுக்கு மேல் புரண்டால் கேட்கும் இடங்களின் எண்ணிக்கையை 40-இலிருந்து 60 ஆக்குங்கள். ஒன்பதாவது வாரம் வெளியிடும்போது 'போன வாரம்' கட்டத்தில் எட்டாவது வாரத்தின் உண்மையான இடத்தைப் போட்டுவிடலாம்.